இல்லத்து உக்கிராணம்

அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டம் வெளிவரும் நாளில் அதனைக் குறித்து நெடுநேரம் வாதிடும் நம்மவருட் பலர், தம் இல்லத்தின் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று வினவின் விடை கூற மாட்டாது விழிப்பர். வீட்டுக் கணக்கு என்பது கற்றோர் ஆராய்தற்குரிய பொருளன்று என்பது அவர் எண்ணம் போலும். ஆயின், பொருளியல் என்னும் பெருங்கலையே வீட்டினின்றும் பிறந்தது என்பதனை அதன் மேனாட்டுப் பெயரே உணர்த்தும். 'எகானமி' என்னும் சொல் கிரேக்க மொழியினின்று வந்தது. அம்மொழியில் 'ஓய்க்கோஸ்' என்பது வீடு. 'ஓய்க்கோநோமியா' என்பது மனையை நடத்தும் முறை. அம்மனைப் பொருளை மேற்பார்ப்போன் 'ஓய்க்கோநோமோஸ்'. லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் இச்சொல்லையே நம் முன்னோர் தமிழ் வேதாகமத்தில் 'உக்கிராணக்காரன்' என்று பெயர்த்தனர். உக்கிராணம் என்பது பண்டங்களைச் சேர்த்துவைக்கும் அறை. அவ்வறையின் திறவுகோல் தன் கையிலிருப்பினும், பொருள் தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டதே என்பதையும், ஒருநாள் கணக்கொப்புவிக்க வேண்டும் என்பதையும் உணர்ந்து நடப்பவனே நல்ல உக்கிராணக்காரன். இம்முறையில் நோக்கின், இல்லத்துப் பொருளைக் கையாளும் யாவரும் உக்கிராணக்காரரே ஆவர். அவர் மேற்கொள்ளத்தக்க நெறி யாது என்பதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

செலவு போக எஞ்சியது சேமிப்பு என்பது உலகினருட் பெரும்பாலார் கொண்டுள்ள கருத்து. பிழைக்கு வித்து இக்கருத்தே. செலவு, இடங்கொடுத்த அளவெல்லாம் பரவும் இயல்பினது. திங்கட் கடைசியில் எஞ்சியதைச் சேர்ப்போம் என்று காத்திருப்பார்க்குப் பெரும்பாலும் எஞ்சுவது ஒன்றும் இல்லை. வரவினின்று சேமிப்பை முன்னர்க் கழித்துக்கொண்டு, நின்றதனுள் செலவை அடக்குதலே முறை. இருவகைக் கழித்தலிலும் எண்கள் ஒன்றே, வரிசைதான் வேறு. குடும்பத்தின் நலமும் கேடும் பெரிதும் அவ்வரிசையைப் பற்றி நிற்கின்றன.

இந்நெறியை நம் தாய்மார் பொருளியல் நூல்களிற் கற்றாரல்லர். திருச்சபைக் குடும்பங்களிற் பெண்டிர் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக்கலத்தில் இட்டுவைத்து, அதனை ஆலயத்திற்குக் காணிக்கையாகச் செலுத்தும் பிடியரிசி வழக்கத்தை நம்மிற் பலர் அறிவோம். உண்டபின் எஞ்சிய சோற்றை அவர் கொடுப்பதில்லை. உலை கொதிக்கும்போதே பிடி கலத்துட் சேர்ந்துவிடுகின்றது. ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம் எனக் கொள்ளின், இருவேளையும் எடுப்பது நாளொன்றிற்கு 100 கிராம். திங்களுக்கு 3 கிலோ. ஆண்டிற்கு 36 கிலோ. அப்பிடியால் அவ்வில்லத்தில் எவரேனும் பசித்திருந்தனர் என்று யாம் கேட்டதில்லை. சமைத்தபின் எடுக்கப் புகுந்தால் ஒவ்வொருவர் இலையிலும் குறை தோன்றும். சமைக்குமுன் எடுத்தமையால் எவர் இலையிலும் தோன்றவில்லை. பணத்தை முன்னெடுத்து வைத்தலின் நுட்பமும் இதுவே.

இனி, எவ்வளவு முன்னெடுப்பது என்பது கேள்வி. அதனை அறியவேண்டின், ஒரு திங்கள் அளவேனும் செலவு யாவற்றையும் நாள்தோறும் ஓர் ஏட்டிற் குறித்தல் வேண்டும். அத்திங்களில் எச்செலவையும் குறைக்க முயலவேண்டுவதில்லை. உள்ளதை உள்ளவாறு அறிதலே போதும். அவ்வாறு குறித்த செலவுகள் மூவகைப்படும். அரிசி, பால், வாடகை முதலியன திங்கள்தோறும் வருவன. இவற்றை நாட்செலவு என்போம். பள்ளிக் கட்டணம், பண்டிகை உடை, உறவினர் இல்லத் திருமணத்திற்கு எழுதும் மொய் முதலியன ஆண்டில் ஓரிரு முறை வருவன. இவை ஆண்டுச் செலவு. நோய், வேலையிழப்பு, வீட்டிற் கூரைப் பழுது முதலியன எப்போது வரும் என்று அறியலாகாதன, இவை இடர்ச்செலவு. குடும்பங்கள் கடனுட் படுவது பெரும்பாலும் முதல்வகைச் செலவாலன்று. ஆண்டுச் செலவை மறந்திருத்தலாலும், இடர்ச்செலவிற்கு ஒன்றும் வையாமையாலுமே அவை இடர்ப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, திங்களுக்கு 20,000 ரூபாய் கொண்டு வாழும் நால்வர் கொண்ட ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். அவ்வில்லத்திற்குப் பள்ளிக் கட்டணமும் நூல்களும் ஆண்டிற்கு 12,000; பண்டிகை உடை 6,000; மொய் முதலியன 4,000; வண்டிக் காப்பீடும் பழுதும் 2,000 எனக் கொள்வோம். ஆண்டுச் செலவு 24,000 ஆயிற்று. பன்னிரண்டாற் பகுப்பின் திங்களுக்கு 2,000 ஆகும். இத்தொகை அவ்வத்திங்களில் வெளியே செல்லாவிடினும், செலவாயிற்று என்றே கருதித் தனியே வைத்தற்குரியது. அங்ஙனமாயின் திட்டம் பின்வருமாறு அமையும்:

இடர்க்காப்புச் சேமிப்பு — 1,500
ஆண்டுச் செலவிற்கு ஒதுக்கு — 2,000
காணிக்கையும் அறமும் — 500
வீட்டு வாடகை — 5,000
அரிசி, மளிகை, காய்கறி, பால் — 7,000
மின்சாரம், எரிவாயு, தொலைபேசி — 1,700
போக்குவரத்து — 1,300
மருந்தும் சில்லறையும் — 1,000
ஆக — 20,000

முதல் மூன்று வரிகளும் மேலே நிற்றலை நோக்குக. அவையே உலையிடுமுன் எடுக்கும் பிடி. மின்கட்டணம் நம் மாநிலத்தில் இரு திங்களுக்கு ஒருமுறை கேட்கப்படுவதாதலின், கேளாத திங்களிலும் அதன் பாதியை எடுத்து வைத்தல் வேண்டும். இன்றேல் ஒரு திங்கள் செல்வமும் மறுதிங்கள் வறுமையுமாகத் தோன்றும்.

இடர்க்காப்பு எவ்வளவு இருத்தல் வேண்டும்? வருவாய் முற்றும் நின்றுபோயினும் மூன்று திங்கள் தாங்குமளவு இருத்தல் நன்று. மேற்காட்டிய இல்லத்தில் வாடகை, உணவு, மின்சாரம் முதலியன, போக்குவரத்து ஆகிய இன்றியமையாச் செலவு திங்களுக்கு 15,000. மூன்று திங்களுக்கு 45,000. திங்களுக்கு 1,500 வீதம் சேர்ப்பின் 30 திங்களில் இத்தொகை நிறையும். ஒரு மாணவர் கல்லூரியிற் புகுந்து பட்டம் பெற்று வெளியேறும் காலத்திற்குள் ஓர் இல்லம் தனக்கு அரண் கட்டிக்கொள்ள இயலும் என்பது இதனாற் பெறப்படும்.

திங்கள்தோறும் ஒரே சம்பளம் பெறுவார்க்கு இது பொருந்தும். வருவாய் ஏறியிறங்கும் தொழிலாளர்க்கு யாங்ஙனம் பொருந்தும் என்று சிலர் வினவலாம். இவ்வினா எமக்குப் புதிதன்று. எம் இல்லமே தையற்றொழிலால் வாழ்வது. தீபாவளிக்கும் கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கும் முன் இரவும் பகலும் தையற்பொறி ஓயாது. புத்தாண்டு கழிந்தபின் சில திங்கள் அது பெரும்பாலும் ஓய்ந்தே கிடக்கும். அந்நாட்களில் மளிகைக் கடையிற் பற்று ஏறும். சூன் திங்களிற் பள்ளிச் சீருடை தைத்து வருங் கூலி அப்பற்றைத் தீர்த்தற்கே போய்விடும். பள்ளிக் கட்டணத்திற்குத் தண்டற்காரரை நாடுவோம். 'எதிர்பாராத செலவு வந்துவிட்டது' என்று எந்தையார் ஆண்டுதோறும் கூறுவார். எம் அன்னையார் பழைய நாட்குறிப்பு ஒன்றில் மூவாண்டுக் கடனையும் ஒருங்கே எழுதி, "ஒவ்வோர் ஆண்டும் சூன் மாதத்திலேயே வருவது எதிர்பாராத செலவு ஆகுமா?" என்று ஒருநாள் வினவினார். எந்தையார் விடை கூறவில்லை. அன்றிரவே எம் வீட்டில் முதன்முறையாகக் கணக்கு எழுதப்பட்டது.

அவர்கள் கண்ட வழி, யோசேப்பு எகிப்தில் மேற்கொண்ட வழியே. விளைவு மிகுந்த ஏழாண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்திற் சேர்த்துப் பஞ்ச காலத்தில் அவன் நாட்டைக் காத்த வரலாறு ஆதியாகமத்தின் 41ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஆண்டு முழுவதும் வருங் கூலியைக் கூட்டிப் பன்னிரண்டாற் பகுத்து, அதனினும் சிறிது குறைவான ஒரு தொகையைத் திங்கட் சம்பளமாக எம் பெற்றோர் வகுத்தனர். பண்டிகைக் காலத்தில் எவ்வளவு வரினும் அச்சம்பளமே வீட்டிற்கு; மிகுதி அஞ்சலகத்திற்கு. தொழில் ஓய்ந்த திங்களில் அஞ்சலகத்தினின்று அதே சம்பளம் வீட்டிற்கு. பழைய கடன் தீர இரண்டாண்டு சென்றன. இக்கல்லூரியில் யாம் சேர்ந்தபோது கட்டிய முதற் கட்டணம் அவ்வைப்பினின்று வந்தது. தையற்றொழில் இழிவன்று, அதனாலேயே வளர்ந்தோம். ஆயினும், தமிழ் கற்கவேண்டும் என்ற எம் விருப்பத்தை ஒரு சூன் மாதத்துக் கடன் கெடுத்திருக்கக் கூடும் என்பதை நினையுந்தோறும் அந்நாட்குறிப்பின் அருமை புலனாகின்றது.

கடனின் கொடுமையைச் சிறிது கணக்கிட்டு அறிதல் நலம். தண்டல் என்னும் முறையில், 10,000 ரூபாய்க் கடன் என்று பெயர் கூறி 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பர்; நாளொன்றிற்கு 100 வீதம் நூறு நாளிற் கட்டவேண்டும். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று கடன் கொள்வோர் எண்ணுவர். அஃது உண்மையன்று. முதல் நாள் தொடங்கியே கடன் திரும்பிக்கொண்டிருத்தலின், 8,500 ரூபாய் நூறு நாளும் கையில் இருப்பதில்லை. சராசரியாக அதிற் பாதியளவே இருக்கும். காலமும் ஓராண்டன்று, நூறு நாளே. இவற்றையெல்லாம் எண்ணின், அவர் கொடுக்கும் வட்டி ஆண்டிற்கு நூற்றுக்கு 120 அளவிற் சென்று நிற்கும். 'மூன்று வட்டி' என்று எளிதிற் சொல்லப்படுவது திங்களுக்கு நூற்றுக்கு மூன்று, ஆண்டிற்கு 36. வட்டி செலுத்தாது விட்டு, அது திங்கள்தோறும் முதலோடு சேருமாயின், 24 திங்களிற் கடன் இரட்டிக்கும். ஆண்டிற்கு 6 வட்டி தரும் வைப்பில் இட்ட பணமோ இரட்டிக்க 12 ஆண்டு செல்லும். கடன் குதிரையிலும் சேமிப்பு கால்நடையிலும் செல்கின்றன; ஆதலின் சேமிப்பு முந்திப் புறப்படுதல் வேண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலிய கொடுவட்டிகளைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் துணை செய்யும். ஆயினும் தண்டற்காரர் வாயிலை மிதியாதிருத்தலே மேல்.

சேமித்த பொருளை வைக்குமிடம் அடுத்து ஆராயத்தக்கது. அடுக்களைப் பானையில் இட்டது ஆபத்திற்கு உடனே உதவும். ஆசைக்கும் அங்ஙனமே உதவிவிடும். அஞ்சலகச் சேமிப்பு வங்கி இந்தியாவில் 1882ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அதில் திங்களுக்கு 100 ரூபாய் முதலாக ஐந்தாண்டு செலுத்தும் தொடர் வைப்பு சிறுவருவாயினர்க்கு ஏற்றது. கூட்டுறவு இயக்கத்தின் வரலாறும் நமக்கு உரியதே. செருமானிய நாட்டில் ரைபைசன் என்பார், உழவர் பலர் கூடித் தம்முட் சேமித்துத் தம்முட் கடன் கொடுக்கும் சங்கங்களை 19ஆம் நூற்றாண்டில் நிறுவினார். சென்னை மாகாண அரசினரால் அனுப்பப்பட்ட பிரெடெரிக் நிக்கல்சன் அம்முறையை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1895ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. 1904ஆம் ஆண்டிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் ஒரு கடன் சங்கமும், சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கப்பெற்றன. வங்கி வைப்பைப் பொறுத்தவரை, ஒரு வங்கியில் ஒருவர்க்குள்ள வைப்பிற்கு 2020ஆம் ஆண்டு முதல் 5 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. கூட்டுறவு வங்கிகளும் இதனுள் அடங்கும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அடங்கா.

சீட்டு நம்மவர்க்குப் பழகிய வழி. இருபது பேர் திங்களுக்கு 1,000 வீதம் இருபது திங்கள் கட்டும் ஏலச்சீட்டில் திங்கள்தோறும் 20,000 சேரும். ஒருவர் 4,000 தள்ளி ஏலம் எடுப்பின் அவர்க்கு 16,000 கிடைக்கும். தள்ளிய தொகையில் நடத்துவோர் கழிவு 1,000 எனக் கொள்ளின், நின்ற 3,000 இருபதின்மர்க்கும் தலைக்கு 150ஆகப் பகிரப்படும். அத்திங்களில் ஒவ்வொருவரும் 850 கட்டினாற் போதும். கட்டாயமாகச் சேமிக்கவும், வேண்டுங்கால் ஒருங்கே பெறவும் இது உதவும். ஆயின் நடத்துவோரின் நாணயமே இதற்கு உயிர். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பெற்ற சீட்டே நம்பத்தக்கது. நடத்துவோர் கழிவு நூற்றுக்கு 7க்கு மேற்படலாகாது என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்துள்ளது. வழக்கத்திற்கு மிஞ்சிய வட்டி தருவதாகக் கூறுவோரிடம், அவர் உறவினராயினும் சபையாராயினும், இடர்க்காப்புப் பணத்தை ஒப்புவித்தல் ஆகாது.

சேமிப்பைப் புகழ்வது உலோபத்தைப் புகழ்வதாகாதோ என்பது ஒரு தடை. லூக்கா 12ஆம் அதிகாரத்துச் செல்வன் ஒருவன் தன் களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்ட எண்ணி மதியீனன் எனப்பட்டான். தன் ஒருவனுக்கே சேர்த்தமையே அவன் குற்றம். ஆதலினன்றோ மேற்காட்டிய திட்டத்திற் காணிக்கைக்கும் அறத்திற்கும் ஒரு வரி முன்னரே வகுத்தோம். கணக்கு அறிந்தவனே அச்சமின்றிக் கொடுக்க வல்லவன். மற்றொரு தடை இதனினும் வலியது. வரவே உணவிற்குப் போதாத இல்லத்தாரை நோக்கிச் சேமிக்குமாறு கூறுதல் அறமாகுமா? ஆகாது. அவர்க்கு வேண்டுவது உரிய கூலியும், நியாயவிலைக் கடை அரிசியும், அரசின் துணையுமே. இல்லாத பொருளைக் கணக்கேடு ஈட்டித் தாராது. எனினும், தம் உழைப்பு எங்கே போகின்றது, வட்டிக்கு எவ்வளவு போகின்றது என்பதை அவர்க்கும் அது காட்டும். வள்ளுவனார் பொருட்பாலில் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், வருவாய்க்குரிய வழி சிறிதாயினும் பொருள் போகும் வழி அகலாதாயின் கேடில்லை என்று அரசர்க்கு உரைத்தார். அரசர்க்கு உரைத்தது குடியானவர்க்கும் பொருந்தும்.

இறுதியாக, விடுதியில் வாழும் நம் நிலையைச் சிறிது நோக்குவோம். நம்மில் ஒவ்வொருவர் பணப்பையும் ஒரு சிறு இல்லமே. 2016ஆம் ஆண்டிற் தோன்றிய யுபிஐ முறையாற் கைப்பேசியைக் காட்டிய அளவிற் பணம் செல்கின்றது. தாளை எண்ணிக் கொடுத்தபோது கையறிந்த குறைவை இப்போது கண்ணும் அறிவதில்லை. நாளிருமுறை 15 ரூபாய்த் தேநீர் அருந்துவோர், கல்லூரி நடைபெறும் பத்துத் திங்களில் 9,000 ரூபாய் செலவிடுகின்றனர். தேநீரை விடுக என்று யாம் கூற வரவில்லை. நண்பரோடு அருந்தும் தேநீருக்கும் திட்டத்தில் இடமுண்டு. அத்தொகையை அறிந்து அருந்துக என்பதே எம் வேண்டுகோள். நல்வாய்ப்பாக, பணத்தை எளிதிற் போக்கும் அக்கைப்பேசியே ஒவ்வொரு செலவையும் தானே குறித்தும் வைக்கின்றது. சென்ற திங்களின் குறிப்பை ஒருமுறை முற்றும் படித்துப் பார்த்தால் நம் கணக்கேட்டின் முதற் பக்கம் எழுதியாயிற்று.

வீட்டிலிருந்து வரும் பணத்தை நமக்கு அனுப்புவோர் எதனை விடுத்து அனுப்புகின்றனர் என்பதை நாம் பெரும்பாலும் அறியோம். அவர்கள் நமக்காக எடுத்த பிடி அது. அடுத்த முறை பணம் வந்தவுடன், செலவு தொடங்குமுன், நூறு ரூபாயேனும் எடுத்து அஞ்சலகத் தொடர் வைப்பில் இடுவோமாக. மீதியை ஏட்டிற் பகுத்து எழுதுவோமாக. விடுமுறைக்கு இல்லம் செல்லும்போது அவ்வேட்டையும் உடன்கொண்டு சென்று பெற்றோர்க்குக் காட்டுவோமாயின், ஒப்புவிக்கப்பட்ட பொருளுக்குக் கணக்கொப்புவித்த நல்ல உக்கிராணக்காரர் ஆவோம்.